டேட்டா வரம்புக்குள் கிளவுட் பேக்கப்: வீட்டு இணைப்பை முடக்காமல் செய்யும் வழி

போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் இணையத்தில் ஒரு பிரதியாக ஏற்றி வைப்பதுதான் கிளவுட் பேக்கப். போனில் அதற்கு 'வைஃபையில் மட்டும் பேக்கப் செய்' என்று ஒரு வசதி இருக்கிறது. வைஃபை என்றாலே அளவில்லாத இணைப்பு என்ற நினைப்பில் வைக்கப்பட்ட வசதி அது. வீட்டு வைஃபையே ஏர்ஃபைபரிலோ (கேபிள் இல்லாமல் சிக்னலில் வரும் வீட்டு இணைப்பு), சிம் போட்ட ரவுட்டரிலோ ஓடுகிறது என்றால் அந்த நினைப்பு செல்லாது. பேக்கப்பை ஆன் செய்து நான்கு நாளில் மாத டேட்டா காலியாகி, மீதி நாளெல்லாம் ஜிபே கூடத் திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் பல.

ஃபைபர் கேபிள் வராத தெருவில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. மாதம் 3300 ஜிபி தரும் ஃபைபர் இணைப்பு இருந்தால் 4, 5, 8 ஆகிய படிகளை மட்டும் படித்தால் போதும்.

1. பிளானின் உண்மையான வரம்பை எழுதி வையுங்கள்

'அன்லிமிடெட்' என்ற சொல்லை விட்டுவிட்டு அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் எஃப்.யூ.பி. (முழு வேகத்தில் எவ்வளவு டேட்டா என்ற வரம்பு) வரியைப் பாருங்கள். மூன்று விவரம் வேண்டும்: எத்தனை ஜிபி, அது தீர்ந்தபின் என்ன வேகம், எந்தத் தேதியில் புதுக் கணக்கு தொடங்குகிறது.

நம் ஊரில் பொதுவாகக் கிடைப்பவை மூன்று வகை. தினம் 1.5 அல்லது 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜ். மாதம் 1000 ஜிபி தரும் ஏர்ஃபைபர். மாதம் 3300 ஜிபி தரும் ஃபைபர். மொபைல் ரீசார்ஜில் தினக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். மற்ற இரண்டிலும் கணக்கு உங்கள் பில் அல்லது ரீசார்ஜ் தேதியில்தான் மாறும், 1-ஆம் தேதியில் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு 31-ஆம் தேதி இரவு பெரிய அப்லோடைத் தொடங்குவது அடிக்கடி நடக்கிற தவறு.

வரம்பு தாண்டினால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகும் பிளான்கள் உண்டு. அந்த வேகத்தில் 4 எம்பி போட்டோ ஒன்று மேலே போக எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பாதியில் இணைப்பு அறுந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. ஆக, வரம்பைத் தாண்டியபின் 'மெதுவாகப் போனாலும் போகட்டும்' என்று பேக்கப்பை விட்டுவைப்பதில் பயனில்லை. வீட்டில் மற்றவர்களின் இணைப்பும் சேர்ந்து நின்றுவிடும்.

அப்லோடும் கணக்கில் சேரும். இறக்குவது மட்டும்தான் டேட்டா என்று பலர் நினைக்கிறார்கள். 50 ஜிபி மேலே ஏற்றினால் 50 ஜிபி கழியும்.

கூடவே அப்லோடு வேகத்தையும் சோதித்து எழுதிக்கொள்ளுங்கள், பகலில் ஒருமுறை, இரவு 11 மணிக்கு மேல் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து நொடி ஸ்பீடு டெஸ்ட் ஓடினாலே 375 எம்பி போய்விடும்.

2. இப்போது டேட்டா எங்கே போகிறது என்று பாருங்கள்

சேவை நிறுவனத்தின் ஆப்பில் கடந்த மாதத்தின் மொத்தச் செலவு தெரியும். எந்தக் கருவி, எந்த ஆப் தின்றது என்று அதில் தெரியாது. விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், அதற்குள் டேட்டா யூசேஜ் போனால் 30 நாள் கணக்கு ஆப் வாரியாக வரும். ஆண்ட்ராய்டில் வைஃபைக்கு என்று தனி டேட்டா கணக்கு உண்டு. மொபைல் டேட்டா கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

டிவி எல்லோருக்கும் தெரிந்த செலவு. நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை எடுக்கும்.

யாரும் கவனிக்காதது வாசல் கேமரா. கிளவுடுக்கு நேரடியாக அனுப்பும் வைஃபை கேமரா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 10.8 ஜிபி, 30 நாளில் 324 ஜிபி. இரண்டு கேமரா இருந்தால் 1000 ஜிபியில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தது. கேமராவில் மெமரி கார்டு போட்டு, அசைவு தெரியும்போது மட்டும் கிளவுடுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள். பேக்கப்புக்கு இடம் இல்லை என்று பிளானை உயர்த்தப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்துபார்க்கலாம்.

3. பேக்கப்புக்கு மாதம் எத்தனை ஜிபி என்று முடிவு செய்யுங்கள்

மொத்த வரம்பிலிருந்து வழக்கமான செலவைக் கழியுங்கள். அதிலிருந்து இன்னும் பத்து சதவீத வரம்பை ஒதுக்குங்கள். தேர்வு மாதத்தில் ஆன்லைன் வகுப்பு, போனுக்குப் பெரிய அப்டேட் என்று ஏதாவது வரும். 1000 ஜிபியில் வழக்கச் செலவு 600, ஒதுக்கீடு 100 போனால் மீதி 300. அறுந்து மீண்டும் போகும் கோப்புகளுக்கும் இடம் வேண்டும். ஆகவே ஒரு மாதத்தில் 270 ஜிபி அளவு கோப்புகளுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

நேரக் கணக்குக்கு ஒரு சுலபமான வழி: கோப்புகளின் ஜிபியை 2.2-ஆல் பெருக்கி, அப்லோடு வேகத்தால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 270 ஜிபி, 10 எம்பிபிஎஸ் என்றால் சுமார் 60 மணி நேரம். இரவு எட்டு மணி நேரம் வீதம் எட்டு இரவு. இதில் எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கோப்பின் எம்பி என்பது பைட் கணக்கு. எட்டு மடங்கு வித்தியாசம். 10 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 10 எம்பி போகும் என்று நினைத்தால் ஒரு வார வேலை ஒரே இரவில் முடியும் என்று கணக்கு வரும்.

4. எது மேலே போக வேண்டும் என்று பிரியுங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகத் தேவைப்படும். ஆனால் இங்கே குறைக்கும் ஒவ்வொரு ஜிபியும் பின்னால் டேட்டாவிலும் சந்தாவிலும் குறையும்.

முதல் குவியல் ஆவணங்கள். வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், காப்பீட்டு பாலிசி, மருத்துவ அறிக்கைகள், வண்டி ஆர்.சி. போன் கேமராவில் வெறும் போட்டோவாக எடுத்தால் பக்கத்துக்கு 4, 5 எம்பி ஆகிவிடும். ஸ்கேனர் ஆப்பில் பிடிஎஃப் ஆக்கினால் பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கும், எழுத்தும் தெளிவாக இருக்கும். டிஜிலாக்கரில் ஏற்கெனவே வந்துவிட்ட ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அவசரமாக ஏற்றத் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் மொத்த ஆவணமும் 1 ஜிபியைத் தாண்டுவது அபூர்வம். முதல் இரவே இதை முடித்துவிடலாம்.

இரண்டாவது, வீட்டில் எடுத்த போட்டோக்களும் குறுவீடியோக்களும். மறுபடி கிடைக்காதவை, ஆகவே போக வேண்டும். ஆனால் வீடியோவைக் கவனியுங்கள்: ஐபோனில் 1080பி தரத்தில் ஒரு நிமிடம் சுமார் 60 எம்பி, அதையே 4கே தரத்தில் எடுத்தால் சுமார் 170 எம்பி. பள்ளி ஆண்டுவிழாவை அரை மணி நேரம் 4கே-யில் எடுத்தால் 5 ஜிபி. இனி எடுப்பதை 1080பி-க்கு மாற்றிவிட்டால் வரும் மாதங்களின் சுமை மூன்றில் ஒன்றாகும்.

மூன்றாவது குவியல் மேலே போகவே கூடாதது: இறக்கி வைத்த படங்கள், சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர்கள், வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்கள், 'சென்ட்' என்ற ஃபோல்டரில் இரண்டாம் பிரதியாகக் கிடப்பவை. ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில் கொடுத்த கல்யாண வீடியோவும் முதல் சுற்றில் வேண்டாம். அதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி என்று வைப்பது மலிவு. டேட்டா செலவும் இல்லை.

5. இடம் வாங்கும்போது

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே 15-இல்தான் கழிகிறது. ஆப்பிளின் ஐகிளவுடிலும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் இலவசம் 5 ஜிபி. சந்தா என்றால் கூகுளில் 100 ஜிபி மாதம் 130 ரூபாய், ஆண்டுக்கு 1300. ஐகிளவுடில் 50 ஜிபி மாதம் 75 ரூபாய். விலை மாறக்கூடியது, வாங்கும் நாளில் ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் 2 டிபி (2000 ஜிபி) வாங்காதீர்கள். மாதம் 30 ஜிபிதான் ஏற்ற முடியும் என்றால் 2 டிபி நிரம்ப ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை காலி இடத்துக்கு வாடகை. சின்னதில் தொடங்கி, நிரம்பும்போது உயர்த்தலாம்.

யுபிஐ ஆட்டோபே வைத்திருந்தால் அந்த வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று புதுப்பிக்கும் தேதிக்கு முன் பார்த்துவிடுங்கள். சந்தா அறுந்து இடம் வரம்பைத் தாண்டி நின்றால், கோப்புகள் உடனே அழியாது. ஆனால் ஜிமெயிலுக்குப் புது மெயில் வருவது நின்றுவிடும். வங்கி மெயில், வேலைக்கான அழைப்பு எல்லாம் திரும்பிப் போகும். இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டால் கூகுள் கோப்புகளையும் நீக்கலாம்.

குப்பைத்தொட்டியில் கிடப்பதும் இடத்தில் கணக்கு: டிரைவில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள். 'அழித்தும் இடம் குறையவில்லையே' என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

6. வேகத்துக்குப் பூட்டுப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஓடும் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டிலும் அப்லோடு வேகத்தை நொடிக்கு இத்தனை கேபி என்று கட்டலாம். டிரைவில் பிரிஃபரன்ஸஸுக்குள் பல்சக்கரக் குறியை அழுத்தினால் 'பேண்ட்வித்' பகுதி. ஒன்டிரைவில் செட்டிங்ஸ், 'சிங்க் அண்ட் பேக்கப்', அதற்குள் 'அட்வான்ஸ்டு'.

அங்கே என்ன எண் போடுவது? நொடிக்கு 1 கேபி என்ற வேகம் 30 நாள் இடைவிடாமல் ஓடினால் 2.6 ஜிபி ஆகும். ஆகவே 3-ஆம் படியில் வந்த மாத ஜிபியை 2.6-ஆல் வகுங்கள். 300 ஜிபி என்றால் 115. அப்லோடு வேகத்தை 115 கேபி என்று கட்டிவிட்டால் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினாலும் மாதம் 300 ஜிபியைத் தாண்டவே முடியாது. யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தேவையில்லை. இரவு எட்டு மணி நேரம் மட்டும் கம்ப்யூட்டரை ஓடவிடுவதென்றால் அந்த எண்ணை மூன்று மடங்காக்கலாம், 345.

இந்த எண் உங்கள் அப்லோடு வேகத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பிபிஎஸ்-ஐ 125-ஆல் பெருக்கினால் கேபி வரும்: 5 எம்பிபிஎஸ் என்பது 625 கேபி, அதில் 60 சதவீதம் 375. அப்லோடு பாதை முழுக்க அடைபட்டால் டவுன்லோடும் படுத்துவிடும். எதிர்முனைக்கு 'வந்து சேர்ந்தது' என்று நம் பக்கமிருந்து போக வேண்டிய சிறு பதில்களும் அதே வரிசையில் மாட்டிக்கொள்வதுதான் காரணம். பேக்கப் ஓடும்போது வீடியோ கால் திக்குவது இதனால்தான்.

தினம் 2 ஜிபி பிளானில் இருப்பவர்களுக்கு வேறு வழி. நாளுக்கு 1 ஜிபிதான் மிஞ்சும் என்றால் 115 கேபி கூட அதிகம். வேகத்தைக் குறைப்பதோடு நேரத்தையும் குறைக்க வேண்டும். ஒன்டிரைவில் குறைந்தபட்ச வேகம் 50 கேபி. அந்த வேகத்தில் ஐந்தரை மணி நேரம் ஓடினால் 1 ஜிபி. அதன்பின் 'பாஸ்' கொடுங்கள்; 2, 8, 24 மணி நேரம் என்று தேர்வு வரும். மாலை ஆறரை மணி வாக்கில், அன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 12 மணிக்குக் காலாவதியாகும் டேட்டாதானே அது.

போன்களில் இப்படி வேகம் கட்டும் வசதி இல்லை. கூகுள் போட்டோஸில் இருக்கும் தின வரம்பு மொபைல் டேட்டாவுக்கு மட்டும்தான், வைஃபைக்கு வேலை செய்யாது. செய்யக்கூடியவை:

- கூகுள் போட்டோஸில் தரத்தை 'ஸ்டோரேஜ் சேவர்' ஆக்குங்கள். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களும் 1080பி-க்கு மேற்பட்ட வீடியோக்களும் சுருக்கப்படும். வீட்டு ஆல்பத்துக்கு இது தாராளம்.
- 'டிவைஸ் ஃபோல்டர்ஸ்' பகுதியில் வாட்ஸ்அப், ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டர்களை அணையுங்கள்.
- வாட்ஸ்அப்பில் 'சாட் பேக்கப்' போய் வாரம் ஒருமுறை என்று மாற்றுங்கள், வீடியோவைச் சேர்ப்பதை அணையுங்கள்.
- ஆண்ட்ராய்டில் வீட்டு வைஃபையை 'மீட்டர்டு' (டேட்டா வரம்புள்ள இணைப்பு) என்று குறியுங்கள். ஐபோனில் அதே வைஃபைக்கு 'லோ டேட்டா மோட்' ஆன் செய்தால் ஐகிளவுட் போட்டோஸும் தானியங்கி பேக்கப்பும் நிற்கும். பேக்கப் செய்ய நினைக்கும் நாளில் மட்டும் எடுத்துவிடலாம்.
- போனில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கிருந்து கட்டுப்பாட்டோடு ஏற்றுங்கள்.

விண்டோஸிலும் வீட்டு இணைப்பை 'மீட்டர்டு' ஆக்கினால் அப்டேட்டுகள் பெரும்பாலும் அடங்கும், ஆனால் ஒன்டிரைவும் தானாக நின்றுவிடும். 'பேக்கப் ஏன் நகரவே இல்லை' என்று குழம்பும் பலருக்கு விடை இதுதான்.

7. முதல் ஏற்றத்தை வெளியில் முடிக்க முடியுமா என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் பெரியது முதல் ஏற்றம்தான். அதன்பின் மாதம் சேர்வது பெரும்பாலான வீடுகளில் சில ஜிபிதான். ஆகவே நகரத்தில் ஃபைபர் வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்கோ, அத்தை வீட்டுக்கோ பொங்கல் விடுமுறையில் போகும்போது லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டுபோய், வேகக் கட்டை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். 50 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைத்தால் 270 ஜிபிக்கு 12 மணி நேரம். மூடியை மூடினால் தூங்காதபடி பவர் செட்டிங்கை மாற்றுவதை மறக்க வேண்டாம். பாதிப் பேருக்கு இரவு முழுக்க ஓடியதாக நினைத்தது பத்து நிமிடத்தில் நின்றிருக்கும். ஊர் திரும்பியதும் வேகக் கட்டை மறுபடி போடுங்கள்.

அலுவலக இணைப்பு என்றால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் பத்திரமும் ஆதாரும் இருக்கும் டிஸ்கைச் செருகவே வேண்டாம்.

ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் வீட்டுக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் இரட்டைச் செலவு. கூகுளில் இருக்கும் நம் கோப்புகளை வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் ஒன்டிரைவுக்கோ டிராப்பாக்ஸுக்கோ நேரடியாக அனுப்பும் தேர்வு உண்டு. ஆப்பிளிலும் ஐகிளவுட் போட்டோக்களை கூகுள் போட்டோஸுக்கு மாற்றித்தரக் கோரலாம். சில நாட்கள் ஆகும், உங்கள் டேட்டாவில் ஒரு எம்பியும் போகாது.

வெளியில் வழியே இல்லையென்றால் வரிசை முக்கியம். ஆவணங்கள் முதலில், பிறகு புதிய ஆண்டின் போட்டோவிலிருந்து பின்னோக்கி ஆண்டு ஆண்டாக. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் எது முந்தும் என்பது நம் கையில் இருக்காது.

8. திரும்பத் திரும்ப ஏறும் கோப்புகள்

முதல் ஏற்றம் முடிந்தும் மாதம் நூறு ஜிபி போகிறது என்றால், பெரிய ஒற்றைக் கோப்பு ஏதாவது தினமும் மாறுகிறதா என்று பாருங்கள். கூகுள் டிரைவில் முன்பெல்லாம் பெரிய கோப்பின் ஒரு மூலை மாறினாலும் முழுக் கோப்பும் மறுபடி போகும்; இப்போது கம்ப்யூட்டரில் ஓடும் புதிய டிரைவ் ஆப் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் ஏற்கெனவே அப்படித்தான். முழுக் கோப்பாக அனுப்பும் பழைய டிரைவ் ஆப்பில், 8 ஜிபி அவுட்லுக் பிஎஸ்டி கோப்பை (மெயில்களைச் சேர்த்து வைக்கும் ஒற்றைக் கோப்பு) வைத்து தினமும் திறந்தால் மாதம் 240 ஜிபி.

கடை வைத்திருப்பவர்கள் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டரை நேரடியாக சிங்க் ஃபோல்டருக்குள் (கிளவுடுக்குத் தானாக நகலாகும் ஃபோல்டர்) வைப்பதுண்டு. டேட்டா செலவு ஒருபுறம் இருக்கட்டும், டாலி எழுதிக்கொண்டிருக்கும்போதே கிளவுட் ஆப்பும் அந்தக் கோப்பைப் பிடித்தால் கணக்கே கெட்டுப்போகலாம். டாலிக்குள் இருக்கும் பேக்கப் வசதியில் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மட்டும் சிங்க் ஃபோல்டரில் போடுங்கள்.

ஒரே போட்டோ ஃபோல்டரை டிரைவுக்கும் அனுப்பு, கூகுள் போட்டோஸுக்கும் அனுப்பு என்று இரண்டு கட்டத்திலும் டிக் செய்தால் இரண்டுக்கும் தனித்தனியாக ஏறும். டேட்டாவும் இரட்டிப்பு, இடமும் இரட்டிப்பு.

9. இறக்குவதற்கும் டேட்டா வேண்டும்

புது லேப்டாப் வாங்கி டிரைவ் ஆப்பைப் போட்டவுடன் 'மிரர்' என்பதைத் தேர்ந்தால் கிளவுடில் இருப்பதெல்லாம் இறங்கத் தொடங்கும். 'ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தால் திறக்கும் கோப்பு மட்டும் இறங்கும். ஒன்டிரைவில் இதற்கு 'ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்' என்று பெயர். வரம்புள்ள இணைப்பில் எப்போதும் இந்த இரண்டாவது வகைதான்.

ஆனால் ஸ்ட்ரீம் செய்தால் வீட்டில் முழுப் பிரதி இருக்காது, கிளவுடில் மட்டும்தான் இருக்கும். போனில் கூகுள் போட்டோஸ் ஆப்பிலிருந்து ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலிருந்தும் போய்விடும். சிங்க் என்பது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைப்பது. நீங்கள் தவறி அழித்ததையும் அது ஒழுங்காக நகலெடுக்கும். ஆகவே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகிப் புதியதைச் சேர்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் மின்னல் அடித்தாலும் வைரஸ் வந்தாலும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து போகும்.

மாதத்துக்கு ஒருமுறை கிளவுடிலிருந்து நான்கைந்து கோப்புகளை வேறொரு போனில் இறக்கித் திறந்து பாருங்கள்: ஒரு பத்திரம், ஒரு பழைய போட்டோ, ஒரு வீடியோ. ரீசார்ஜ் தேதிக்கு முந்தைய நாள் இதற்கு வசதி, மிச்ச டேட்டா எப்படியும் வீணாகத்தான் போகும்.

லேப்டாப் உண்மையிலேயே போய்விட்டால் 300 ஜிபியையும் வீட்டு இணைப்பில் இறக்க உட்காராதீர்கள். ஆவண ஃபோல்டரை மட்டும் முதலில் இறக்குங்கள், 1 ஜிபிக்குள் முடியும். போட்டோக்களை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்துக்கொண்டு, கடைசியாக டிஸ்கைச் செருகிய தேதிக்குப் பின் எடுத்தவற்றை மட்டும் கிளவுடிலிருந்து இறக்கினால் போதும். அந்தத் தேதியை டிஸ்கின் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வையுங்கள்.